சேர்வராயன் மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளி

திங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் நான் பஸ் ஏறியபோது தலைமையாசிரியர் ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு கட்டு நோட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் பேனா ஓடியது. முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியதும் நோட்டுகளைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"இதுக்கு மேல குனிஞ்சு படிச்சா தலை சுத்தும் சார். இருபது வளைவும் ஏறி முடிக்கட்டும். மினி பஸ்ல மிச்சத்தைப் பார்த்துக்குவேன்."

பதினோரு வருடமாக ஒரே பள்ளி. வீடு சேலத்தில் அழகாபுரம். விடிவதற்கு முன்பே சமைத்து வைத்துவிட்டுக் கிளம்புகிறார். ஏற்காடு வரை ஒரு பஸ், அங்கிருந்து நாகலூர்ப் பக்கம் போகிற மினி பஸ், அது இறக்கிவிடும் இடத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடை. வழியில் யாராவது பைக்கில் வந்தால் ஏற்றிக்கொள்வார்கள். இன்று யாரும் வரவில்லை, நடந்தோம்.

ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. தலைமையாசிரியரான டீச்சர் கேட்டுக்கொண்டது இது. "பேர் போட்டா பாராட்ட ஆளுங்க வருவாங்க. வந்தா சால்வை, போட்டோ, பேச்சு. பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள் படிப்பு போயிரும்." வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன். வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், நடுவில் பேசக்கூடாது, பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இந்த உயரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டரில், காலை எட்டு மணிக்கும் வாயைத் திறந்தால் புகை வருகிறது. பாதையின் இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து இந்த மலையின் காலண்டரைக் காப்பிதான் எழுதுகிறது. இப்போது பழம் பறிக்கும் பருவம். பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டை அது எப்படி ஆட்டிவைக்கிறது என்பதை இந்த வாரம் பார்க்கலாம் என்று டீச்சர் சொன்னார்.

பள்ளியில் இரண்டு அறைகள். ஒன்று பழைய ஓட்டுக் கட்டடம், இன்னொன்று கான்கிரீட். பின்னால் சத்துணவுக் கூடம், அதற்கும் பின்னால் ஒரு பெரிய பாறை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை நாற்பத்தொரு பிள்ளைகள். ஒன்றிரண்டு எஸ்டேட் குடும்பங்களைத் தவிர எல்லோரும் மலையாளி பழங்குடி வீட்டுப் பிள்ளைகள். பேர்தான் மலையாளி, வீட்டில் பேசுவது தமிழ்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகளிர் குழுப் பெண்கள் இருவர் சமைத்துப் பரிமாறுகிறார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, அடுத்த வருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. இந்த மாதிரி ஊரில் அது என்ன செய்திருக்கிறது என்று கேட்டேன். டீச்சர் நேராகப் பதில் சொல்லாமல், முன்பெல்லாம் பிரார்த்தனைக் கூட்டத்தை ஏன் ஐந்து நிமிடத்தில் முடிப்பார் என்று சொன்னார். விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகிற அம்மா அடுப்பு மூட்ட மாட்டார். பிள்ளை வெறும் வயிற்றில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வரும். கூட்டத்தில் நிற்கவைத்தால் இரண்டு பேராவது மயங்கி உட்கார்ந்துவிடுவார்கள். இன்று கூட்டம் இருபது நிமிடம் நடந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேற்றைய செய்தித்தாளிலிருந்து மூன்று செய்தி வாசித்தாள். பேப்பர் இந்த ஊருக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் வரும்.

செவ்வாய்

இன்று நான் பார்த்த ஒரு கணக்கு வகுப்பைப் பற்றி மட்டும் நீளமாக எழுதப் போகிறேன். இங்கே வந்ததற்கு அது ஒன்றே போதும்.

வகுப்பு எடுத்தவர் உதவி ஆசிரியர். அரூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். ஊரிலேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறார். ஒன்றிலிருந்து மூன்று வரை படிக்கும் பிள்ளைகள் ஓர் அறையில். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டப்படி அவர்கள் வகுப்பு வாரியாக உட்காருவதில்லை. எழுத்தை இப்போதுதான் அடையாளம் காண்கிற பிள்ளை அரும்பு, சொல் படிக்கிற பிள்ளை மொட்டு, வரி படித்துப் பொருள் சொல்கிற பிள்ளை மலர். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருக்கலாம், ஒன்றாம் வகுப்புப் பெண் மொட்டில் இருக்கலாம். பள்ளி ஆய்வுக்கு வருகிறவர்கள் இந்த மூன்று பெயர்களையும் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சார் அதை ஒட்டியிருக்கிறார், ஆனால் யார் எந்த நிலை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை. ஜன்னலோர மேஜை, நடு மேஜை, கதவோர மேஜை என்றுதான் கூப்பிடுகிறார். மாதத்துக்கு ஒருமுறை மேஜைகளின் இடத்தை மாற்றிவிடுவார்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், காது மறைய மங்கி குல்லா போட்டவன், நோட்டில் ஒரு கழித்தல் போட்டிருந்தான். 52இலிருந்து 18. விடை 46.

நான் படித்த பள்ளியில் இதற்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருக்கும். சார் குறி போடவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, "கண்ணு, நேத்து உங்கம்மா எவ்வளவு பழம் எடுத்தாங்க?" என்றார்.

"அம்பத்திரெண்டு கிலோ சார். அம்மாவும் சித்தியும் சேந்து."

"அதுல சித்தி எவ்வளவு?"

"சித்தி பதினெட்டு. சித்திக்குக் கால் வலி."

"அப்ப அம்மா மட்டும்?"

பையன் உத்தரத்தைப் பார்த்தான். விரல்கள் அசையவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "முப்பத்தி நாலு."

"எப்படிக் கண்டுபிடிச்ச? மெதுவா சொல்லு."

"பதினெட்டுக்கு ரெண்டு போட்டா இருபது. அப்புறம் முப்பது போட்டா அம்பது. இன்னொரு ரெண்டு. ரெண்டும் முப்பதும் ரெண்டும், முப்பத்தி நாலு."

அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து எழுதினார் சார்: 18, ஒரு தாவல், 20, பெரிய தாவல், 50, சின்னத் தாவல், 52. தாவல்களுக்கு மேல் 2, 30, 2. பிறகுதான் நோட்டைத் திறந்து அந்த 46ஐக் காட்டினார். பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். "எட்டுலேர்ந்து ரெண்டை எடுத்துட்டேன் சார். ரெண்டுலேர்ந்துதான் எட்டை எடுக்கணும். ரெண்டுல எட்டு இல்ல."

"இல்லைன்னா எங்க போயி வாங்குவோம்?"

பக்கத்து மேஜையிலிருந்து இன்னொருத்தி, "பத்துக்கிட்ட" என்றாள். கடன் வாங்கிக் கழித்தல் என்று பாடநூல் சொல்வதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை, தீக்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்த ஒரு டப்பாவை எடுத்து அடுத்த இருபது நிமிடம் அந்தப் பிள்ளைகளே செய்து பார்த்தார்கள். ஒரு கட்டைப் பிரித்துப் பத்துக் குச்சியை ஒன்றுகள் பக்கம் வைத்தபோது குல்லாக்காரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நிபந்தனைப்படி நான் ஒன்றும் பேசவில்லை. கை தட்டியிருப்பேன்.

இந்தத் தவறு நாடு முழுவதும் நடப்பது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி என்று ஒன்றாம் வகுப்பில் ஓர் இலக்கத்துக்குச் சொல்லிக் கொடுத்ததை, பிள்ளை இரண்டு இலக்கத்திலும் ஒவ்வொரு பத்தியாகச் செய்கிறது. கணக்கு தெரியாத பிள்ளை இல்லை, கற்றுத் தந்த விதியை விடாமல் பின்பற்றும் பிள்ளை. அதைத் தெரிந்துகொள்ள ஓர் ஆசிரியர் அந்த விடையின் முன்னால் மூன்று நிமிடம் உட்கார வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் மற்ற இரண்டு மேஜையும் தன் போக்கில் வேலை செய்ய வேண்டும். இங்கே செய்தன. அதைப் பழக்க அவருக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது என்று மதியம் முட்டை உரித்துக்கொண்டே சொன்னார்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன், அம்மாவின் பழக் கணக்கு எப்படித் தெரியும் என்று. பள்ளி விட்டதும் சில நாள் எடை போடும் இடத்துக்குப் போய் நிற்பாராம். யார் வீட்டில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். மறுநாள் வகுப்பில் அந்த எண்களைத்தான் பயன்படுத்துகிறார். பாடநூலில் இருக்கும் பேனாவும் பலூனும் அப்புறம் வரும்.

புதன்

பொங்கல், சாம்பார். பிள்ளைகள் மிளகை ஒதுக்கி வைக்காமல் சாப்பிடுவதை இங்கேதான் பார்க்கிறேன்.

முற்பகலில் கதைக் களத்துக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். வகுப்பறையின் ஒரு மூலையில் பாய் விரித்த இடம் அது. கதைப் புத்தகங்கள் கயிற்றில் தொங்கும். மாதம் ஒருமுறை ஊரிலிருந்து ஒருவர் வந்து அந்தப் பாயில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. பெரியவர் சொன்னது இந்த மலை மக்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை: காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்தது, பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்கியது, மற்றவர்களின் வம்சம் கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் பரவியது. ஒவ்வொரு ஊருக்கு வரும்போதும் அங்கே என்ன விளைந்தது, என்ன சாப்பிட்டார்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சாமைச் சோறு வரும் இடத்தில் ஒரு பெண் எழுந்து, "எங்க ஆயா இன்னும் சாமை போடுது தாத்தா" என்றாள்.

கதை முடிந்ததும் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சேலம் மாவட்ட வரைபடத்தில் சேர்வராயன் எங்கே, கொல்லிமலை எந்தத் திசையில் என்று தேடினார்கள். கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருப்பதால் இந்தப் படத்தில் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டுப் படம் எடுத்துவரப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாக இருப்பதை ஒரு பையன் விரல் வைத்துக் காட்டினான். டீச்சர் பாடம் நடத்தியதாகவே தெரியவில்லை. கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விகளை முதல் நாள் பஸ்ஸில் எழுதி வைத்திருந்தார் என்பது அவர் கைப்பையில் இருந்த தாளைப் பார்த்தபோது தெரிந்தது.

இன்று வருகை முப்பத்தி மூன்று. எட்டுப் பேர் வரவில்லை.

நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் டீச்சர் கடைசி மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். உதவி ஆசிரியரும் நானும் வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்தோம். முதல் வீட்டில் காய்ச்சல், உண்மையான காய்ச்சல்தான், ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரை இருந்தது. அடுத்த இரண்டு வீட்டில் பூட்டு. மிளகு பறிக்கக் குடும்பத்தோடு கேரளா போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பங்குனியில் வருவார்களாம். சார் ஒரு சின்ன டைரியில் அந்தக் குடும்பத்தின் போன் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். போன இடத்தில் பக்கத்துப் பள்ளியில் உட்காரவைக்கச் சொல்லிப் பேசிப் பார்ப்பார். போன வருடம் ஒரு பிள்ளை விஷயத்தில் அது நடந்தது, மூன்று பிள்ளைகள் விஷயத்தில் நடக்கவில்லை.

நாலாவது வீடு என்பது எஸ்டேட் லைன் வீடு. ஐந்தாம் வகுப்புப் பெண், திங்கட்கிழமை செய்தி வாசித்த அதே பெண், இடுப்பில் தம்பியோடு வாசலில் நின்றாள். அம்மா பழம் எடுக்கப் போயிருக்கிறார். தம்பிக்கு ஒன்றரை வயது. அவனை யார் பார்ப்பது?

சார் அவளைத் திட்டவில்லை. அம்மா வரும் வரைக்கும் முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். தலையில் மூட்டையோடு வந்த அம்மா எங்களைப் பார்த்ததும் தானாகவே பேச ஆரம்பித்தார். "இன்னும் பாஞ்சு நாள் சார். பழம் முடிஞ்சிரும். இப்ப விட்டா வருசத்துக்கும் கையில காசு நிக்காது. நீங்களே சொல்லுங்க தம்பி, நான் என்ன பண்றது?" கடைசி வார்த்தை எனக்கு. என்னிடம் பதில் இல்லை.

சாரிடம் இருந்தது. "தம்பியையும் கூட்டிட்டு வரட்டும்க்கா. அங்கன்வாடி பதினஞ்சு அடி தூரந்தான். ஆயாகிட்ட நான் பேசியாச்சு. அவன் அழுதா பாப்பா போயித் தூக்கிக்கட்டும், அழலைன்னா வகுப்புல இருக்கட்டும்." அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. பையனுக்குச் சளி, அங்கே தரை ஜில்லென்று இருக்கும் என்றார். பாய் போடுவார்கள் என்றார் சார். வெந்நீர்? வெந்நீர் உண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்று அடுப்பைப் பார்க்கப் போனார். எங்களுக்கு வரக்காப்பி வந்தது.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. காட்டெருமை இறங்கும் பாதை என்பதால் சார் டார்ச்சை ஆட்டியபடி சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தார். அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு முடித்தால் அடுத்த பள்ளி ஆறு கிலோமீட்டர். நடக்க முடியாது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்கும் பின்னால் வரும் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பா பேரில் சான்று இருந்தால் எளிது, இந்தப் பெண்ணின் அப்பாவுக்கு இல்லை. ஜூன் வருவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். இதில் எதுவும் அவருடைய வேலை விவரத்தில் இருக்காது.

வியாழன்

டீச்சருக்குக் குறுவள மையத்தில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடத்தில், பயிற்சி. உதவி ஆசிரியர் தனியாக. ஐந்து வகுப்பு, முப்பத்தைந்து பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வந்தாள். அங்கன்வாடி ஆயா வாசலிலேயே அவனை வாங்கிக்கொண்டார்.

காலை ஒன்பதரைக்கு வருகைப்பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். வகுப்பறைக்குள் சிக்னல் வராது. பின்னால் இருக்கும் பாறையில் ஏறினால் வரும். சார் பாறையில் போனைத் தூக்கிப் பிடித்து நின்ற எட்டு நிமிடமும் இரண்டு அறைகளிலும் பெரியவர் யாரும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் சின்னவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளை அந்த எட்டு நிமிடம் தன் பாடத்தைப் படிக்கவில்லை.

நாள் முழுக்க இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள வாசற்படியிலேயே நின்றார். இந்தப் பக்கம் ஒரு வாக்கியம், அந்தப் பக்கம் ஒரு வாக்கியம். செவ்வாய்க்கிழமை குல்லாக்காரனுக்குக் கிடைத்த அந்த மூன்று நிமிடம் இன்று யாருக்கும் கிடைக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'ட'வைத் தலைகீழாக எழுதி ஒரு பக்கம் முழுவதும் நிரப்பிவிட்டாள். மதியம் நோட்டைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. சாப்பிடாமல் அவளோடு உட்கார்ந்து மணலில் எழுதிக் காட்டினார்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. 2009ஆம் வருடக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்றாவது பிள்ளை வந்தால் மூன்றாவது ஆசிரியர். முப்பது பேருக்கு ஒருவர் என்கிற விகிதம் நகரத்துப் பள்ளியில் சரியாக வேலை செய்யும். மலையில் நாற்பது வீடு உள்ள ஊரில் அறுபத்தொரு பிள்ளை எந்தக் காலத்திலும் சேராது. ஆனால் வகுப்பு ஐந்துதான், பாடநூல் ஐந்து வகுப்புக்கும் தனித்தனிதான். சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்குப் பயிற்சி, தேர்தல் வேலை, விடுப்பு, உடம்பு சரியில்லை என்று எது வந்தாலும் இங்கே பள்ளி பாதியாகிவிடுகிறது.

இந்த மாதிரி ஆசிரியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அர்ப்பணிப்பு, தியாகம் என்று எழுதுகிறோம். உண்மைதான், இருவருமே மனமுவந்து செய்கிறார்கள். ஆனால் அப்படிப் புகழ்ந்துவிட்டு நாம் இறங்கிவிட்டால், பாறையில் ஏறி நிற்பதும் வாசற்படியில் நின்று பாடம் நடத்துவதும் அவர்கள் குணத்தின் பெருமையாகப் போய்விடும். அவை குணத்தின் பெருமை இல்லை. ஒரு டவர் இல்லாததும் ஓர் ஆள் இல்லாததும்தான். குணத்தைப் பார்க்க விரும்பினால் செவ்வாய்க்கிழமைக் கணக்கைப் பாருங்கள்.

அவரிடம் நேரடியாகவே கேட்டேன், மாறுதல் கலந்தாய்வில் கீழே போக எண்ணம் உண்டா என்று. உண்டு என்றார். கல்யாணப் பேச்சு நடக்கிறது, பெண் வீட்டார் இந்த ஊருக்கு ஒருமுறை வந்து பார்த்தார்கள், குடும்பம் நடத்துகிற மாதிரி ஒரு வீடு இங்கே வாடகைக்குக் கிடையாது. "எனக்கு இந்தப் பிள்ளைங்களை விட்டுப் போக மனசு இல்லைங்க. ஆனா அவங்க கேட்டதும் நியாயம்தானுங்களே." டீச்சருக்கு முன்னால் இருந்த தலைமையாசிரியர்கள் யாரும் இரண்டு வருடம் தாண்டவில்லை. அவர் வந்த பிறகுதான் ஐந்தாம் வகுப்பு முடித்த ஒவ்வொரு பிள்ளையும் ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ந்தது என்று பதிவேடு எழுதப்படுகிறது. பதினோரு வருடப் பதிவேடு அலமாரியில் இருக்கிறது. அதில் சில பெயர்களுக்கு எதிரே திருமணம் என்று எழுதியிருக்கிறது, வயதோடு. கீழே கடைசியாக மூன்று வருடம் அப்படி ஒரு பதிவும் இல்லை.

சனி

நேற்று மாலையே இறங்கிவிட்டேன். இன்று சேலத்தில் அந்தப் பதிவேட்டில் உள்ள ஒரு பெயரைச் சந்தித்தேன். டீச்சர்தான் போன் செய்து சொல்லியிருந்தார். கோரிமேடு அரசு மகளிர் கலைக் கல்லூரியில் கணிதம், இரண்டாம் ஆண்டு. அவள் விரும்பியபடி தட்டுவடை செட் கடையில் உட்கார்ந்து பேசினோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்துத் தருவதை மலையிலிருந்து வந்த முதல் மாதம் தினமும் சாப்பிட்டதாகச் சொன்னாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறாள்.

ஆறாம் வகுப்பில் விடுதியிலிருந்து இரண்டு முறை ஓடிவந்திருக்கிறாள். இரண்டு முறையும் ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்து கூட்டிக்கொண்டு போய் விட்டார். இரண்டாவது முறை டீச்சர் விடுதி வாசலில் நின்று, அடுத்த மாதம் இதே தேதிக்கு வருவேன் என்று சொன்னாராம். "வந்தாங்க சார். ஒவ்வொரு மாசமும். எட்டாவது வரைக்கும்." டீச்சர் இதை என்னிடம் சொல்லவே இல்லை.

எதிர்காலத்தில் டீச்சர் ஆவாயா என்று நான் கேட்கவில்லை, எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அவளே சொன்னாள், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். பள்ளியைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்டாள். ஓட்டுக் கட்டடம் ஒழுகுகிறதா, பாறைப் பக்கத்துக் கொய்யா மரம் இருக்கிறதா. பிறகு, "இன்னும் ரெண்டு பேர்தானா?"

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். இந்தப் பள்ளிக் குழுவின் தலைவி அவளுடைய சித்தி. தீர்மானம் எழுத இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோரிக்கை இரண்டு: மூன்றாவது ஆசிரியர், காலையில் எட்டரைக்குள் ஊர் வரைக்கும் வரும் ஒரு பஸ். நோட்டை எடுத்து எதை முதலில் எழுதலாம் என்று கேட்டாள். ஆசிரியரை என்றேன்.

"இல்ல சார். அறுபது பேருக்குக் கீழ இருக்கு, முடியாதுன்னு பதில் வந்துரும். பஸ்ஸுக்கு அப்படி ஒரு அட்டவணை இல்லை. பஸ் ஊருக்குள்ள வந்தா டீச்சருக்கு ரெண்டு கிலோமீட்டர் நடை மிச்சம். ஆறாவது படிக்கிற பிள்ளைங்களும் அதுலயே போயிருவாங்க, விடுதிக்கு அனுப்ப வேண்டியதில்லை. கலந்தாய்வுல இந்த ஊர் பேரைப் பாக்குறவங்க யோசிக்காம எடுப்பாங்க." பஸ்ஸை முதலில் எழுதினாள். அதன் கீழே, ஊரிலிருந்து மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுத இடம் விட்டாள். அந்த எண்ணை டீச்சரின் பதிவேட்டைப் பார்த்து நிரப்புவாள்.